நாற்பது டிகிரி வெயிலில் ஆக்ஸிஜன் சென்சாருக்கு ஹீட்டர் எதற்கு?

வாசகர் கேள்வி: அண்ணா, வணக்கம். திருச்சியில் இருக்கிறேன். அப்பா 2014-இல் வாங்கிய கார், 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர் பெட்ரோல், 94,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூன்று மாதமாக செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. மைலேஜ் 16-லிருந்து 12-க்கு இறங்கிவிட்டது. ஒரு வொர்க்‌ஷாப்பில் ஸ்கேன் செய்து பி0135 என்று எழுதிக் கொடுத்து, "ஆக்ஸிஜன் சென்சார் ஹீட்டர் போயிடுச்சு, ரெண்டு சென்சாரையும் மாத்தணும், கூலியோட 13,800 ஆகும்" என்றார்கள். தெருமுனை மெக்கானிக் அண்ணனோ, "வயரைப் பிடுங்கி விட்டுட்டு ஓட்டு தம்பி, ஒண்ணும் ஆகாது" என்கிறார். நான் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவன், மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும். நானே வீட்டில் மாற்றலாமா? இன்னொரு சந்தேகம்: 40 டிகிரி வெயில் அடிக்கிற ஊரில் இதற்கு ஹீட்டர் எதற்கு? வீட்டிலிருந்து அலுவலகம் நான்கு கிலோமீட்டர், தினமும் அந்த ஓட்டம்தான்.

பதில்:

வணக்கம் தம்பி. மாற்றலாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ஒரு சென்சார் மாற்றினால் போதும், சில நேரம் அதுகூடத் தேவைப்படாது. ஆனால் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் மல்டிமீட்டரை எடுங்கள். சென்சாரைக் கழற்றி மாட்டுவது ஒரு மணி நேர வேலை. அதைத்தான் மாற்ற வேண்டுமா என்று உறுதி செய்வதுதான் உண்மையான வேலை. அந்த வேலையைச் செய்யாமல் பணத்தைக் கொட்டியவர்களைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் உங்கள் வெயில் சந்தேகம். நல்ல கேள்வி, உங்கள் மைலேஜ் ஏன் குறைந்தது என்பதற்கான பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

அந்த சென்சாரின் முனைக்குள் விரல் நுனி அளவுக்கு ஒரு பீங்கான் குப்பி இருக்கிறது. சிர்கோனியா என்ற பொருளில் செய்தது, உள்ளேயும் வெளியேயும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. வெளிப்பக்கம் இன்ஜினிலிருந்து வரும் புகை படும், உள்பக்கம் நாம் மூச்சு விடும் சாதாரணக் காற்று இருக்கும். இரண்டு பக்கமும் இருக்கும் ஆக்ஸிஜன் அளவு வேறுபட்டால் அந்தப் பீங்கானில் சின்னதாக ஒரு வோல்டேஜ் பிறக்கும். புகையில் ஆக்ஸிஜன் மிச்சமில்லை, அதாவது பெட்ரோல் அதிகம் என்றால் 0.9 வோல்ட் பக்கம் போகும். ஆக்ஸிஜன் மிச்சமிருக்கிறது, பெட்ரோல் குறைவு என்றால் 0.1 வோல்டுக்கு இறங்கும். நடுவில் 0.45 வோல்ட்தான் சரியான கலவைக்கான கோடு. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ இந்த எண்ணைப் பார்த்துப் பார்த்துத்தான், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. பாஷ் நிறுவனம் செய்த இந்த சென்சார் 1976-இல் வோல்வோ கார்களில் முதன்முதலாக வந்தது. அடிப்படைத் தத்துவம் இன்றைக்கும் அதேதான்.

விஷயம் என்னவென்றால், அந்தப் பீங்கான் சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலையே செய்யும். அதற்குக் கீழே அது வெறும் பீங்கான். 300-க்கு முன்னால் உங்கள் ஊர் வெயில் 40-ம் ஊட்டிக் குளிர் 10-ம் ஒன்றுதான். பழைய காலத்து சென்சார்களில் ஹீட்டர் கிடையாது, புகையின் சூட்டிலேயே மெதுவாகச் சூடாகும். இப்போதுள்ளவற்றில் உள்ளே ஒரு ஹீட்டர் கம்பி இருக்கிறது, வண்டி ஸ்டார்ட் ஆன அரை நிமிடம், ஒரு நிமிடத்துக்குள் முனையைச் சூடாக்கிவிடும். அந்த ஹீட்டர் போய்விட்டால் சென்சார் புகைச் சூட்டை மட்டும் நம்பி நிற்கும். அது சூடாகும் வரை ஈசியூவுக்குப் புகையைப் பற்றிய தகவல் வராது. அப்போது அது தன்னிடம் எழுதி வைத்திருக்கும் பொதுக் கணக்கை வைத்துக் கொஞ்சம் தாராளமாகவே பெட்ரோலை ஊற்றும், வண்டி நின்றுவிடக் கூடாது என்பதற்காக. ஐட்லிங்கில் சிக்னலில் நிற்கும்போது முனை மறுபடி ஆறிப்போகும், மறுபடி அதே கதை.

இப்போது உங்கள் ஓட்டத்தை நினைத்துப் பாருங்கள். நான்கு கிலோமீட்டர், நடுவில் சிக்னல்கள், பத்துப் பதினைந்து நிமிடம், வண்டி அணைந்துவிடும். மாலையில் அதே போல. ஹீட்டர் இல்லாத சென்சார் விழித்துக்கொள்வதற்குள் நீங்கள் அலுவலகம் போய்ச் சேர்ந்துவிடுகிறீர்கள். நெடுஞ்சாலையில் தினமும் 60 கிலோமீட்டர் ஓட்டுகிற ஒருவருக்கு இதே பி0135 வந்திருந்தால் மைலேஜில் பெரிய வித்தியாசமே தெரிந்திருக்காது. உங்களுக்கு லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் குறைந்திருப்பதை நான் நம்புகிறேன். அதில் கொஞ்சம் பங்க்கில் இப்போது கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலாலும் இருக்கும். எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் அந்தப் பங்கு சென்சார் மாற்றினாலும் திரும்பி வராது. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோதான். கலவை மாறும்போது அதைக் கண்டுபிடித்து ஈசியூவுக்குச் சொல்வதும் இதே சென்சார்தான், அதனால் முன்பைவிட இப்போது அது நன்றாக இருப்பது அவசியம்.

வயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டச் சொன்ன அண்ணனுக்கு வருகிறேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் அது. ஆனால் அதைச் செய்யாதீர்கள். பிடுங்கிவிட்டால் ஈசியூ நிரந்தரமாக அந்தப் பொதுக் கணக்கிலேயே ஓடும். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரியும், நாளடைவில் உள்ளே இருக்கும் தேன்கூடு மாதிரியான பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். கன்வர்ட்டர் விலை விசாரித்துப் பாருங்கள், வொர்க்‌ஷாப் சொன்ன 13,800 சின்னத் தொகையாகத் தெரியும். புகைச் சான்றிதழ் எடுக்கப் போகும்போதும் மாட்டிக்கொள்வீர்கள். பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதிப்படி செய்த பெட்ரோல் காருக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சென்சார் இல்லாமல் அந்த அளவுக்குள் நிற்பது கஷ்டம்.

சரி, இரண்டு சென்சாரையும் மாற்ற வேண்டுமா? வேண்டாம். பி0135 என்பது வரிசை 1, சென்சார் 1-இன் ஹீட்டர் சர்க்யூட்டைக் குறிக்கும். உங்களுடையது நேர்வரிசை நான்கு சிலிண்டர், ஒரே வரிசைதான். சென்சார் 1 என்றால் கன்வர்ட்டருக்கு முன்னால், இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாயான மேனிஃபோல்டு பக்கம் இருப்பது. கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் சென்சார் 2-இன் ஹீட்டர் போயிருந்தால் பி0141 வந்திருக்கும். அந்த இரண்டாவது சென்சாருக்குப் பெட்ரோலைக் கட்டுப்படுத்துவதில் பெரிய பங்கு கிடையாது, கன்வர்ட்டர் வேலை செய்கிறதா என்று கண்காணிப்பதுதான் அதன் முக்கிய வேலை. குறை சொல்லாத பாகத்தை மாற்றச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். ஒருவேளை அவர்களிடம் நியாயமான காரணம் இருக்கலாம், ஆனால் அதை அவர்கள் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். குறியீடு "ஹீட்டர் சர்க்யூட்" என்றுதான் சொல்கிறது. சர்க்யூட் என்றால் ஃபியூஸ், வயர், வயர்களை இணைக்கும் கப்ளர், ஹீட்டர், ஈசியூ எல்லாம் சேர்ந்தது. எலெக்ட்ரிக்கல் படித்த உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் நம் ஊரில் நான் முதலில் சந்தேகப்படுவது எலியை. மழைக்காலத்தில் சூடான இன்ஜினுக்குள் வந்து படுத்துக்கொண்டு வயரைக் கடித்துவிடும். சென்சார் வயர் மெல்லியது, ஒரே இரவில் முடித்துவிடும். போன ஐப்பசியில் என்னிடம் வந்த ஒரு வண்டியில் இதே குறியீடு. சொந்தக்காரர் புது சென்சாரைக் கையிலேயே வாங்கிக்கொண்டு வந்திருந்தார். பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் கப்ளரிலிருந்து ஒரு சாண் தள்ளி வயர் துண்டாகிக் கிடந்தது. வயரைச் சேர்த்ததும் விளக்கு அணைந்தது. ஆனால் வாங்கிய சென்சாரைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எலெக்ட்ரிக்கல் சாமான் என்றால் பெரும்பாலான கடைகளில் அப்படித்தான், அதனால்தான் பரிசோதனை முடியாமல் பாகத்தை வாங்காதீர்கள் என்று அடித்துச் சொல்கிறேன்.

பரிசோதனையை இப்படிச் செய்யுங்கள். காலையில் வண்டி முழுக்க ஆறியிருக்கும்போது பானட்டைத் திறந்து மேனிஃபோல்டுக்கு மேல் உள்ள தகட்டு மறைப்பின் அருகே சென்சாரைத் தேடுங்கள், ஸ்பார்க் பிளக் மாதிரி திருகப்பட்டு, பின்னாலிருந்து நான்கு வயர் வரும். வயரைப் பிடித்துக்கொண்டே கப்ளர் வரை போய், கடிபட்டிருக்கிறதா, மேனிஃபோல்டில் உரசி உருகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஃபியூஸ் பெட்டி. எந்த ஃபியூஸ் என்று வண்டியின் கையேட்டிலோ மூடியின் உள்பக்கமோ போட்டிருக்கும். கண்ணால் பார்த்து நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடாமல் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

ஃபியூஸும் வயரும் நன்றாக இருந்தால் கப்ளரைப் பிரியுங்கள். சென்சார் பக்கம் வரும் நான்கு வயர்களில் இரண்டு மட்டும் ஒரே நிறத்தில் இருக்கும், அவைதான் ஹீட்டர். பல சென்சார்களில் அவை இரண்டும் வெள்ளை, சிலவற்றில் இரண்டும் கறுப்பு. அந்த இரண்டுக்கும் நடுவே ஓம் அளந்து பாருங்கள். ஆறிய நிலையில் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்திலிருந்து பதினைந்துக்குள் ஏதோ ஒரு எண் வரும், உங்கள் மாடலுக்கான சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். மீட்டர் எதையும் காட்டாமல் திறந்த சர்க்யூட் என்றால் ஹீட்டர் கம்பி அறுந்துவிட்டது, சந்தேகமே வேண்டாம், சென்சாரை மாற்ற வேண்டியதுதான். எண் ஒழுங்காக வந்தால் நிறுத்துங்கள், சென்சார் வாங்காதீர்கள். இக்னிஷனை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், வண்டிப் பக்கக் கப்ளரின் ஹீட்டர் முனையில் வோல்டேஜ் பாருங்கள். பெரும்பாலான கார்களில் ஒரு முனையில் பேட்டரி வோல்டேஜ் அப்படியே வரும், மற்றொரு முனையை ஈசியூ எர்த் செய்யும். வோல்டேஜ் வரவில்லை என்றால் குறை வண்டிப் பக்கம், நூறு சென்சார் மாற்றினாலும் தீராது. வோல்டேஜ் வருகிறது, ஹீட்டர் ஓமும் சரி, ஆனால் குறியீடு திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அந்த எர்த் பக்கத்தை ஈசியூ வரை பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோங்கள். அது வீட்டு வாசலில் செய்கிற வேலை இல்லை.

வண்டியின் குறியீடுகளைப் படிக்கும் ஒரு சின்ன ஓபிடி ப்ளூடூத் கருவியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. மொபைலோடு சேர்த்துப் பார்க்கலாம், ஒரு முறை வொர்க்‌ஷாப்பில் ஸ்கேன் செய்யக் கொடுக்கும் காசுக்கே வந்துவிடும். நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு 2013 ஏப்ரலிலிருந்து தன் குறையைத் தானே கண்டறியும் ஓபிடி 2 அமைப்பு கட்டாயம், உங்கள் 2014 வண்டியில் ஸ்டியரிங்குக்குக் கீழே அந்தக் கருவியைச் செருகும் இடம் இருக்கும். மாற்றுவதற்கு முன்னால் எல்லாக் குறியீடுகளையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பி0135 தவிர வேறு எதுவும் இருக்கிறதா என்பது முக்கியம். பி0171, அதாவது பெட்ரோல் போதவில்லை என்ற குறியீடும் கூட இருந்தால் காற்றுக் குழாயில் எங்காவது வெடிப்பு இருக்கலாம். பி03-இல் தொடங்கும் மிஸ்ஃபயர், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்ற குறியீடு இருந்தால் முதலில் பிளக், காயில் பக்கம் பாருங்கள். எரியாத சிலிண்டரிலிருந்து ஆக்ஸிஜன் அப்படியே வெளியே வரும், சென்சார் அதைப் பார்த்து "பெட்ரோல் குறைவு" என்று சொல்லும், அதன் பார்வையில் அது உண்மைதான். மேனிஃபோல்டில் புகை கசிந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு இதே மாதிரி ஆகும்.

இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த மூன்றாவது வருடம், ஒரு பள்ளிக்கூட ஆசிரியரின் வண்டியில் பெட்ரோல் குறைவு என்ற குறியீட்டைப் பார்த்துவிட்டு சென்சாரை மாற்றினேன். பத்து நாளில் விளக்கு மறுபடி எரிந்தது. புது சென்சார் பழுது என்று நினைத்து இன்னொன்று போட்டேன். மறுபடியும் எரிந்தது. கடைசியில் ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாயின் மடிப்புக்குள், கையால் விரித்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு கீறல். இரண்டு சென்சார்களின் விலையையும் அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன். அந்த மாதம் வீட்டில் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து, உள்ளதைச் சொல்கிற சென்சாரை அது சொன்னதற்காகவே கழற்றி எறிகிற வேலையை நான் செய்ததில்லை.

உங்கள் ஹீட்டர் அறுந்திருப்பது மீட்டரில் உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

வாங்கும்போது உங்கள் வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து சரியான பாக எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனி ஸ்பேர் கடையில் விலை அதிகம் என்று தோன்றினால், பாஷ், டென்சோ, என்டிகே போன்ற சென்சார் தயாரிப்பாளர்களின் பெட்டியில் அதே மாடலுக்கு வருவதை நம்பகமான கடையில் வாங்கலாம். கப்ளரோடு வருவதையே வாங்குங்கள். கப்ளர் இல்லாமல் வயரை வெட்டி ஒட்டிக்கொள்ளும் பொது வகை ஒன்று மலிவாகக் கிடைக்கும், எலெக்ட்ரிக்கல் படித்தவர்களுக்கு சால்டரிங் செய்து சேர்த்துவிடலாம் என்று கை பரபரக்கும். வேண்டாம். முன்னே சொன்னேனே, பீங்கானின் உள்பக்கம் சாதாரணக் காற்று இருக்க வேண்டும் என்று, பல சென்சார்களில் அந்தக் காற்று வயர் இழைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி வழியாகத்தான் போகிறது. சால்டர் செய்தால் அந்த வழி அடைபடும். இதே காரணத்துக்காகக் கப்ளருக்குள் கிரீஸ், கான்டாக்ட் ஸ்ப்ரே எதுவும் அடிக்கக் கூடாது. பழைய சாமான் கடையில் கழற்றிய சென்சாரும் வேண்டாம். கண்ணாடி, கதவு, பம்பர் எல்லாம் பழையது வாங்கலாம், நானும் வாங்குகிறேன். சென்சாரை மட்டும் அப்படி வாங்காதீர்கள், ஹீட்டர் உள்ள சென்சாருக்கு ஆயுள் சுமார் 1,60,000 கிலோமீட்டர் என்று கணக்கு, அது ஏற்கெனவே எவ்வளவு ஓடியது, எந்த எண்ணெய்ப் புகையில் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்?

சாமான் என்று பெரிதாக எதுவும் வேண்டாம். பக்கவாட்டில் பிளவு விட்ட 22 மில்லிமீட்டர் சென்சார் சாக்கெட் ஒன்று, அதற்கு நீளமான ராட்செட் கைப்பிடி, துரு இளக்கும் ஸ்ப்ரே, தடிமனான கையுறை, டார்ச். தகட்டு மறைப்பைக் கழற்ற 10, 12 ஸ்பேனர்கள். சாதாரண இரட்டை முனை ஸ்பேனரில் முயற்சி செய்யாதீர்கள், முனை வழுக்கி அறுகோணம் உருண்டையாகிவிட்டால் அப்புறம் எந்த சாக்கெட்டும் பிடிக்காது. உங்கள் வண்டியில் சென்சார் 1 பானட் பக்கமிருந்தே எட்டும் என்று நினைக்கிறேன். எட்டவில்லை, வண்டிக்கு அடியில் போக வேண்டும் என்றால், ஜாக்கை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள், சரியான ஜாக் ஸ்டாண்ட் இரண்டு வேண்டும், பின் சக்கரங்களுக்குக் கட்டை வேண்டும். ஹாலோ பிளாக் கல்லையோ செங்கல்லையோ வைத்து அடியில் போகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். அந்தக் கல் முன்னறிவிப்பு இல்லாமல் ஒரே நொடியில் நொறுங்கும். ஸ்டாண்ட் இல்லையென்றால் அன்றைக்கு அந்த வேலை வேண்டாம், நான் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

கழற்றுவதற்கு முந்தின நாள் இரவு, சென்சார் திருகியிருக்கும் இடத்தின் மறையில் துரு ஸ்ப்ரே அடித்துவிடுங்கள், ரப்பரிலும் வயரிலும் படாமல். மறுநாள் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நிறுத்தி, ஒரு மணி நேரமாவது ஆற விடுங்கள். தொட்டால் சூடு தெரிய வேண்டும், ஆனால் கொப்புளம் போடுகிற சூடு இருக்கக் கூடாது. முழுக்க ஆறிய மேனிஃபோல்டில் சென்சார் இறுகிப் பிடித்துக்கொள்ளும், இளஞ்சூட்டில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இன்ஜினை ஓட விடுவதெல்லாம் திறந்த வெளியில் மட்டும். ஷெட்டுக்குள், ஷட்டரை இறக்கிவிட்டு வேண்டவே வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

இக்னிஷன் அணைத்து, சாவியை எடுத்து, பேட்டரி நெகடிவைக் கழற்றிவிட்டு, முதலில் கப்ளரைப் பிரியுங்கள். சென்சாரைத் திருகும்போது வயரும் சேர்ந்து சுற்றும், கப்ளர் மாட்டியிருந்தால் முறுக்கிக்கொண்டு வண்டிப் பக்க வயரிங்கையும் கெடுத்துவிடும். வயர் எந்தக் கிளிப்பில் எப்படிப் போகிறது என்று மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு சாக்கெட்டை முழு ஆழத்துக்கு மாட்டி, குத்துக் குத்தாக இழுக்காமல் ஒரே சீரான அழுத்தத்தில் இடப்பக்கம் திருப்புங்கள். "டக்" என்று ஒரு சத்தம் வந்து விடும். விட்டதும் ஒரேயடியாகக் கழற்றிவிடாமல் பாதி சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே என்று முன்னும் பின்னுமாகக் கொண்டுவாருங்கள், துருத்தூள் மறையில் சிக்கி மறையை அறுக்காமல் இருக்கும். உடம்பு பலம் முழுவதும் போட்டும் அசையவில்லை என்றால் பைப் மாட்டி இன்னும் நெம்பாதீர்கள். மேனிஃபோல்டு மறை போய்விட்டால் செலவு பல மடங்கு ஆகும். கப்ளரையும் பேட்டரியையும் மறுபடி மாட்டிக்கொண்டு ஒரு வொர்க்‌ஷாப்புக்குப் போய், "கழற்றி மட்டும் கொடுங்கள், சென்சார் என்னிடம் இருக்கிறது" என்று சொன்னால் காஸ் வைத்துச் சூடாக்கி எடுத்துவிடுவார்கள். அதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

பழையதைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதன் முனையை வெளிச்சத்தில் பாருங்கள். இளம் சாம்பல், இளம் பழுப்பு என்றால் இன்ஜின் நன்றாக எரிகிறது. கறுப்பாகக் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போயிருக்கிறது, உங்கள் நிலைமையில் கொஞ்சம் கரி இருப்பது இயல்புதான். எண்ணெய்ப் பிசுக்கோடு பழுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது, ஆயில் மட்டத்தைத் தொடர்ந்து பாருங்கள். வெள்ளையாக மாவு பூசினாற்போல் இருந்தால் கூலன்ட் கசிந்து எரிகிறது, அல்லது யாரோ சிலிக்கான் பசையைத் தப்பான இடத்தில் போட்டிருக்கிறார்கள். இந்தக் கடைசி இரண்டும் புது சென்சாரையும் கொன்றுவிடும், அதனால் அந்தக் குறையைச் சரிசெய்யாமல் புதிதை மாட்டுவது வீண்.

புது சென்சாரின் மறையில் சாம்பல் நிறத்தில் ஒரு பசை பூசி வந்திருக்கும், அடுத்த தடவை இறுகாமல் கழற்றுவதற்காக. அதைத் துடைத்துவிடாதீர்கள், மேலே எதையும் பூசவும் வேண்டாம். முனையில் விரல் படக் கூடாது, கீழே விழக் கூடாது. விழுந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருக்கும். முதல் நான்கைந்து சுற்றைக் கையாலேயே திருகுங்கள், கையால் போகவில்லை என்றால் மறை குறுக்கே ஏறுகிறது, எடுத்துவிட்டு மறுபடி நேராக வையுங்கள். மறையில் பழைய துரு நிறைய இருந்தால் 18-க்கு 1.5 மில்லிமீட்டர் அளவில் மறையைச் சுத்தம் செய்யும் டேப் என்ற கருவியை லேத் பட்டறையில் கேட்டு வாங்கி ஓட்டலாம். இறுக்க அளவு பொதுவாக 40 முதல் 50 நியூட்டன் மீட்டர், உங்கள் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு. டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் வாடகைக்கோ இரவலுக்கோ வாங்குங்கள். வயரைப் பழைய கிளிப்களிலேயே, படத்தில் இருந்த வழியிலேயே போட்டு, மேனிஃபோல்டிலும் ரேடியேட்டர் ஃபேனிலும் படாமல் பாருங்கள். தகட்டு மறைப்பையும் திரும்ப மாட்ட வேண்டும். "இது எதற்கு, கிடக்கட்டும்" என்று விட்டுவிட்டால் அந்தச் சூட்டில் வயர் ஒரு வருடம் தாங்காது.

பேட்டரியை மாட்டி, ஓபிடி கருவியில் குறியீட்டை அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பேட்டரியைக் கழற்றியதால் ஐட்லிங் முதலில் கொஞ்சம் ஏறி இறங்கலாம், பயப்பட வேண்டாம், ஈசியூ புதிதாகக் கற்றுக்கொள்கிறது. மொபைலில் சென்சார் 1-இன் வோல்டேஜைப் பாருங்கள். வண்டி சூடானதும் ஆக்சிலேட்டரை 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே வேகமாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால்தான் பிரச்சனை. சென்சார் 2 அதற்கு நேர்மாறு, 0.6, 0.7 என்று ஏறக்குறைய அசையாமல் இருந்தால் உங்கள் கன்வர்ட்டர் நன்றாக இருக்கிறது. இரண்டாவது சென்சாரை மாற்றத் தேவையில்லை என்பதையும் அங்கேயே உங்கள் கண்ணால் பார்த்துவிடலாம். ஈசியூ பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று காட்டும் ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ஃபியூவல் ட்ரிம் என்று இரண்டு எண்கள் இருக்கும், நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இரண்டும் கூட்டல் கழித்தல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதியாக இருங்கள்.

அப்புறம், மைலேஜை மீட்டரில் காட்டும் எண்ணை வைத்துக் கணக்கிடாதீர்கள். ஒரே பங்க்கில், ஒரே பம்பில், தானாக நிற்கும் வரை டேங்க்கை நிரப்பி, 300 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு, மறுபடி அங்கேயே நிரப்பி வகுத்துப் பாருங்கள். எத்தனால் கலப்பையும் நீங்கள் ஓட்டும் குட்டித் தூரத்தையும் வைத்துப் பார்த்தால் 14.5, 15 வந்தாலே நல்ல பலன். வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்பாவையும் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர்ச் சாலையில் ஒரு அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள். தினமும் நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற இன்ஜினுக்கும் கன்வர்ட்டருக்கும் அந்தச் சூடு தேவை.